முதலில் மருந்து, பிறகுதான் கத்தி

மார்பகப் புற்றுநோய்க் கட்டியை உடனே வெட்டி எடுக்காமல் பல மாதங்கள் காக்க வைக்கிறார்கள் டாக்டர்கள். அந்தக் காத்திருப்பில் நோயாளிக்கு என்ன லாபம்?

மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவில் அன்றாடம் காணக்கூடிய காட்சி இது. பீகாரிலிருந்தோ கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தோ இரவும் பகலும் ரயிலில் உட்கார்ந்து வந்திறங்கிய தம்பதி. மனைவிக்கு வயது நாற்பதை ஒட்டி. கணவர் கையிலுள்ள பிளாஸ்டிக் பையில் ஸ்கேன் படங்களும் ஊர் டாக்டர்கள் கிறுக்கிய சீட்டுகளும். மார்பில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. அக்குளிலும் ஏதோ தட்டுப்படுகிறது. இருவரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஆபரேஷன் எப்போது? நிலத்தை அடகு வைத்தாகிவிட்டது, குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டாகிவிட்டது. இந்த வாரமே முடித்துவிட்டால் தேவலை. டாக்டரோ ஆபரேஷன் இப்போது கிடையாது என்கிறார். முதலில் கீமோதெரபி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் எட்டு தடவை. ஐந்தாறு மாதம் கழித்துத்தான் கத்தி.

கேட்கும் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். உடம்புக்குள் புற்று இருப்பது தெரிந்த பிறகும் அதை அரை வருஷம் உள்ளேயே வைத்திருப்பதா? படுக்கை காலி இல்லாததால் தட்டிக் கழிக்கிறார்களா? நோய் முற்றிவிட்டதைச் சொல்லாமல் மழுப்புகிறார்களா? இதே சந்தேகம் சென்னை அடையாறிலும் டில்லி எய்ம்ஸிலும் குவாஹாட்டியிலும் வெவ்வேறு மொழிகளில் தினமும் கேட்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டுக்கான சர்வதேசக் கணக்கின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 1,92,000 பேர். இறந்தவர்கள் 98,000க்கும் மேல். கட்டி பெரிதாகி, அக்குளுக்குப் பரவிய பிறகு மருத்துவமனைக்கு வருபவர்கள் இங்கே ஏராளம். ஆக, 'முதலில் மருந்து' என்ற பதிலைக் கேட்கும் பெண்களும் ஏராளம்.

அவர்களுடைய சந்தேகம் முட்டாள்தனமானதல்ல. முக்கால் நூற்றாண்டுக்கு மருத்துவ உலகமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894ல் வெளியிட்ட முறைப்படி மார்பகம், அதன் அடியிலுள்ள தசைகள், அக்குளின் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒருசேரச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். தண்ணீரில் விழுந்த மைத்துளி போலப் புற்று மெல்ல மெல்ல வெளிநோக்கிப் பரவுகிறது, எனவே சீக்கிரமாகவும் அகலமாகவும் வெட்டினால் ஜெயித்துவிடலாம் என்பது கணக்கு. கணக்கைத் தலைகீழாக்கியவர் பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர். 1971ல் அவர் தொடங்கிய பரிசோதனையில் அகலமாக வெட்டப்பட்டவர்களும் குறைவாக வெட்டப்பட்டவர்களும் ஒரே அளவுக்குத்தான் பிழைத்தார்கள். கட்டி கைக்குத் தட்டுப்படும் காலத்திலேயே சில செல்கள் ரத்தத்தில் ஏறி எலும்புக்கோ நுரையீரலுக்கோ போய் ஒளிந்திருக்கலாம். உயிரைத் தீர்மானிப்பவை அவைதான். அவற்றைத் துரத்திப் பிடிக்கக் கத்தியால் முடியாது; ரத்தத்தோடு போகும் மருந்தால் முடியும்.

இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா 1976ல் இதை நிரூபித்தார். அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் நோய் திரும்புவது குறைந்தது. அடுத்த கேள்வி தானாக எழுந்தது. பின்னால் கொடுத்துப் பலன் தரும் மருந்தை முன்னாலேயே கொடுத்தால் என்ன?

வெட்டவே முடியாத கட்டிகளுக்கு 1970களிலேயே அப்படித்தான் செய்துவந்தார்கள். தோல் புண்ணாகி, மார்புக்கூட்டோடு ஒட்டிக்கொண்ட கட்டியை மருந்தால் இளக்கி, பிறகு அறுவைக்குக் கொண்டுபோவது. முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் வேறொரு பாணி இருந்தது. கீமோதெரபியையும் கதிரியக்கச் சிகிச்சையையும் (நம்மூர்ப் பேச்சில் 'கரன்ட் வைப்பது') சேர்த்தே முதலில் தந்துவிட்டு, அதன் பின் அறுவை. 1990 முதல் 1999 வரை இப்படிச் சிகிச்சை பெற்ற 1,117 பெண்களின் விவரங்களை டாக்டர் வி. சாந்தாவும் சகாக்களும் 2008ல் சர்வதேச மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு அறுவை செய்து பார்த்தபோது பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களின் கட்டியும், பாதிக்கு மேற்பட்டவர்களின் அக்குள் முடிச்சுகளும் நோயின் தீவிரத்தில் இறங்கி வந்திருந்தன. மற்றவர்கள் பலர் மருந்தை மட்டும் முதலில் தந்த காலத்தில் அடையாறு தன் வழியிலேயே போனது. அங்கு வந்த நோயாளிகளில் முற்றிய கட்டியோடு வந்தவர்களே அதிகம் என்பதால் அந்தப் பிடிவாதத்துக்குக் காரணமும் இருந்தது.

வெட்ட முடிகிற கட்டிக்கும் மருந்தை முன்னால் தருவதில் அர்த்தம் உண்டா என்பது வேறு கேள்வி. ஃபிஷருக்கு இதில் பெரிய நம்பிக்கை இருந்தது. எலிகளின் கட்டியை வெட்டி எடுத்ததும் உடம்பின் வேறு இடங்களில் ஒளிந்திருந்த புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கியதை அவரது குழு கவனித்திருந்தது. எனவே கத்தி படும் முன்பே மருந்து உள்ளே போய்விட்டால் உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கும். 1988ல் தொடங்கி 1,523 பெண்களைச் சேர்த்து நடத்தப்பட்ட பி-18 என்ற பரிசோதனையில் பாதிப் பேருக்கு அறுவைக்கு முன், மீதிப் பேருக்கு அறுவைக்குப் பின். அதே மருந்து, அதே அளவு, அதே நாலு தடவை.

ஒன்பது வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தபோது முன்னால் மருந்து பெற்றவர்களில் 69 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். பின்னால் பெற்றவர்களில் 70. அதாவது, ஒன்றுமில்லை.

விஞ்ஞானிகளுக்கு அது ஏமாற்றம். ஆனால் பரேலில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருக்கும் தம்பதிக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு மருந்து ஏற்றிக்கொண்ட மாதங்கள் யாருடைய ஆயுளையும் பறிக்கவில்லை என்பதே அந்த இரண்டு எண்களின் பொருள். உலகெங்கும் நடந்த பத்து பரிசோதனைகளில் 4,756 பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2018ல் வெளியான ஆய்வும் அதையே உறுதி செய்தது. இறப்பில் வித்தியாசமில்லை. நூறில் மூன்று, நாலு பேருக்கு மருந்து ஏறும்போதே கட்டி வளர்வதும் உண்டு. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை டாக்டர் கை வைத்துப் பார்ப்பதால் அது மறைந்திருக்க வழியில்லை. மருந்தை மாற்றுவார்கள், அல்லது உடனே அறுவைக்கு அனுப்புவார்கள்.

கண்ணுக்குத் தெரியும் லாபம் மார்பகம் தப்புவது. மேற்சொன்ன பத்து பரிசோதனைகளில் முன்னால் மருந்து பெற்றவர்களில் 65 சதவீதம் பேருக்கு மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றாயிற்று. பின்னால் பெற்றவர்களில் 49 சதவீதத்தினருக்குத்தான். ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. 15 ஆண்டுகளில் அதே மார்பகத்திலோ அதன் பக்கத்திலோ நோய் திரும்பியது முதல் பிரிவில் 21.4 சதவீதம், இரண்டாவதில் 15.9. கட்டி எப்போதும் பந்து சிறுத்துக் கோலியாவது போல ஒழுங்காகச் சுருங்குவதில்லை. சில சமயம் பூச்சி அரித்த துணி மாதிரி அங்கங்கே திட்டுத்திட்டாக எஞ்சும். தவிர, அந்தப் பழைய பரிசோதனைகள் சிலவற்றில் கட்டி காணாமல் போனதும் அறுவையே செய்யாமல் விட்டுவிட்டார்கள். எங்கே வெட்டுவது என்பதை இன்று கூடுதல் கவனத்தோடு தீர்மானிப்பதற்கு அந்த அனுபவம்தான் காரணம்.

கட்டி எழுதும் பரீட்சை

இதோடு நின்றிருந்தால் அறுவைக்கு முந்தைய சிகிச்சை ஒரு சௌகரியமாக மட்டும் இருந்திருக்கும். பி-18ல் இன்னொரு தகவலும் கிடைத்தது. அறுவையில் எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சிலரிடம் பரவக்கூடிய புற்றுச் செல் ஒன்றுகூட மிச்சமில்லை. அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பிழைத்தார்கள். சுமார் 12,000 பெண்களின் விவரங்களை அலசி 2014ல் வெளிவந்த ஆய்வு, இந்த உறவு எந்தெந்த வகைக் கட்டிக்கு வலுவானது என்பதையும் காட்டியது. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த கட்டிகள், ஹார்மோன் ஏற்பிகளோ ஹெர்-2வோ இல்லாத 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' கட்டிகள் - இந்த இரண்டு மூர்க்க வகைகளில்தான் மருந்துக்குக் கட்டி அடியோடு கரைகிறதா இல்லையா என்பது எதிர்காலத்தைச் சொல்கிறது. ஹார்மோனை நம்பி மெதுவாக வளரும் கட்டிகள் கீமோதெரபிக்கு முழுசாகக் கரைவதே அபூர்வம். அதற்காக அவர்கள் கவலைப்படத் தேவையுமில்லை. அவர்களுக்குப் பல வருஷம் சாப்பிடும் ஹார்மோன் எதிர்ப்பு மாத்திரைதான் பிரதான ஆயுதம். வயதான பெண்களுக்கு அறுவைக்கு முன்பே லெட்ரசோல் போன்ற மாத்திரையை மட்டும் சில மாதம் தந்து கட்டியைச் சுருக்குவதும் உண்டு. முடி கொட்டாது, ஊசி இல்லை.

மருந்தை அறுவைக்குப் பின் கொடுத்தால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வழியே கிடையாது. கட்டிதான் போய்விட்டதே. நோய் திரும்பினால்தான் தோல்வி தெரியும். தெரியும்போது காலம் கடந்திருக்கும். முன்னால் கொடுத்தால் கட்டியே பரீட்சை எழுதிக் காட்டிவிடுகிறது. தோற்ற கட்டிக்கு அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு நீண்ட காலம் பதிலில்லாமல் இருந்தது. ஜப்பானும் கொரியாவும் சேர்ந்து நடத்தி 2017ல் வெளியிட்ட ஆய்வு ஒரு பதில் சொன்னது. முன்சிகிச்சைக்குப் பிறகும் புற்று எஞ்சியிருந்த 910 பெண்களில் பாதிப் பேருக்கு அறுவைக்குப் பின் கேப்சிடபின் மாத்திரை தந்தார்கள். ட்ரிப்பிள் நெகட்டிவ் வகையினரில் ஐந்து வருஷம் பிழைத்தவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களில் 79 சதவீதம், சாப்பிடாதவர்களில் 70. இந்தியாவில் பல கம்பெனிகள் தயாரிக்கும் பழைய மாத்திரை அது. ஹெர்-2 வகையில் 2018ல் வந்த கேத்தரின் பரிசோதனை இன்னும் அழுத்தமாகப் பேசியது: புற்று எஞ்சியவர்களுக்கு வழக்கமான ட்ராஸ்டுசுமாபுக்குப் பதில் டி-டிஎம்1 என்ற மருந்து தந்ததில், மூன்று ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 77 சதவீதத்திலிருந்து 88 சதவீதமானார்கள்.

ஆக, நோயாளியின் ஆயுளைக் கூட்டுவது மருந்தை முன்னால் தருவது அல்ல. முன்னால் தந்ததால் கிடைக்கும் விடைத்தாளை வைத்துப் பின்னால் செய்கிற காரியம்தான். ஃபிஷர் எதிர்பார்த்தது கடைசியில் வேறு வாசல் வழியாக வந்தது என்று சொல்லலாம்.

பரீட்சைக்கு முன் ஹால் டிக்கெட் வேண்டுமல்லவா? அதுதான் பயாப்ஸி. மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் பரிசோதனை போதாது. 'ட்ரூகட்' எனப்படும் தடித்த ஊசியால் திசுவைக் குச்சி குச்சியாக எடுத்து, ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2வும் உண்டா என்று பார்த்த பிறகே மருந்தைத் தொடங்கலாம். கட்டி கரைந்த பின் பரிசோதிக்கத் திசு கிடைக்காமல் போகலாம். பெரிய ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற பயம் பரவலாக உண்டு, அதற்கு ஆதாரமில்லை. கட்டி இருந்த இடத்தையும் குறித்து வைக்க வேண்டும். வசதியுள்ள இடங்களில் கடுகளவு டைட்டானியம் கிளிப்பைக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். அது முடியாத இடங்களில் தோலில் பச்சை குத்தியது போல ஒரு புள்ளி. சில்லறை வேலை என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து, எதுவுமே தட்டுப்படாத மார்பகத்தின் முன் நிற்கும் அறுவை மருத்துவருக்கு அந்தப் புள்ளி மட்டுமே திசை காட்டும்.

பிறகு தொடங்குகிறது நீண்ட நடை. முதல் நாலு தடவை பெரும்பாலும் டாக்ஸோரூபிசின். நோயாளிகளின் பேச்சில் 'சிவப்பு மருந்து'. சிறுநீரும் ஓரிரு நாள் சிவக்கும். அது இதயத்தைத் தொடக்கூடியது என்பதால் முன்னதாக எக்கோ எடுப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வரும். வாய்ப்புண்ணில் மிளகாய் பட்டால் உயிர் போகும். வெள்ளை அணுக்கள் சரியும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடிவதற்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மறந்ததால் போன உயிர்கள் உண்டு. அடுத்த பாதியில் பாக்லிடாக்ஸெல் அல்லது டோசிடாக்ஸெல். பாக்லிடாக்ஸெலை வாரா வாரம் பன்னிரண்டு தடவையாகவும் தருகிறார்கள். முதலில் சொன்ன அவஸ்தைகள் குறையும்; பதிலுக்கு விரல் நுனிகள் மரத்துப்போகும். ஜாக்கெட் ஹூக் மாட்டப் பிறர் உதவி தேவைப்படும்.

இதற்கிடையே ஒரு சந்தோஷமும் நேர்கிறது. இரண்டாவது மூன்றாவது தடவைக்குப் பிறகு குளிக்கும்போது கட்டி இளகியிருப்பதை முதலில் உணர்வது அந்தப் பெண்ணேதான். சில மாதங்களில் அது காணாமலே போகலாம். ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது. கட்டிதான் போய்விட்டதே, ஆபரேஷன் எதற்கு என்று சிலர் ஊரோடு நின்றுவிடுகிறார்கள். பணம் தீர்ந்துபோன வீட்டில் அந்த வாதம் எளிதாக எடுபடும். பி-18 பரிசோதனையில் கட்டி கைக்கே தட்டுப்படாமல் போனவர்களில், மைக்ராஸ்கோப்பிலும் சுத்தமாக இருந்தவர்கள் சுமார் கால் பங்கினரே. மற்றவர்களுக்கு விரல் பொய் சொல்லியது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் மருந்துக்கு மிக நன்றாகக் கேட்ட 50 பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஊசி பயாப்ஸியில் புற்று இல்லாத 31 பேருக்கு அறுவை இல்லாமல் கதிரியக்கம் மட்டும் தந்து பார்த்திருக்கிறார்கள். 2022ல் வெளியான அறிக்கை வரை யாருக்கும் நோய் திரும்பவில்லை. ஆனால் அது நெருக்கமான கண்காணிப்பில் நடந்த சிறிய சோதனை. ஊர்ப்பக்கத்தில் தானாக எடுக்கும் முடிவுக்கு அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

அக்குள் விஷயத்திலும் லாபம் உண்டு. முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கை வீங்கும் அபாயம் உண்டு. மருந்தால் முடிச்சுகள் சுத்தமாகியிருந்தால் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதாதா? 2013ல் வெளியான அமெரிக்க ஆய்வில் முதன்மை முடிச்சுகளை மட்டும் சோதித்ததில், நோய் எஞ்சியிருந்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு அது தவறவிடப்பட்டது; மூன்று அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களிடம் தவறு குறைந்தது. அங்கே இதற்குக் கதிரியக்கத் திரவமும் அதைக் கண்டுபிடிக்கும் கருவியும் வேண்டும். அந்தச் சாதனம் இல்லாத மருத்துவமனைகளுக்காக, அக்குளின் கீழ்ப்பகுதிக் கொழுப்பை முடிச்சுகளோடு எடுத்துச் சோதிக்கும் எளிய முறையை டாடா மருத்துவமனையின் வாணி பர்மாரும் குழுவினரும் வகுத்தார்கள்.

அவசரக் கத்தி

இத்தனை ஏற்பாடும் குலைவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். மாவட்டத் தலைநகரத்து நர்ஸிங் ஹோம் ஒன்றில் 'சாதாரணக் கட்டி' என்று மரப்பு ஊசி போட்டு அரைகுறையாக வெட்டியெடுத்துவிடுகிறார்கள். எடுத்த திசு சோதனைக்கே போகாமலிருக்கலாம். போனாலும் சரியான அளவு ஃபார்மலினில் ஊறாமல் கெட்டிருக்கலாம். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் பெரிய மருத்துவமனைக்கு வரும்போது கையிலிருப்பது ஆறாத தழும்பும் ஒரு வரி டிஸ்சார்ஜ் சீட்டும். கட்டி எவ்வளவு பெரியது, எந்த வகை, எங்கே இருந்தது, எதுவும் தெரியாது. பரீட்சை எழுத வேண்டிய மாணவனையே அனுப்பிவிட்டார்கள். உறவினர்களின் அவசரமும் இதற்கு உடந்தை. உடனே எடுத்துவிடும் டாக்டர்தான் கெட்டிக்காரர் என்று பெயர் எடுக்கிறார்.

அதற்காக எல்லோருக்கும் மருந்தே முதலில் என்பதும் சரியில்லை. கட்டி சிறியது, அக்குள் சுத்தம், ஹார்மோன் வகை என்றால் நேரே அறுவைதான் நல்லது. அந்தப் பெண்களில் பலருக்குக் கீமோதெரபியே தேவைப்படாமல் போகலாம். யாருக்கு எது முதலில் என்பதை அறுவை மருத்துவரும் மருந்து மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். பெரிய நிலையங்களில் இது நடக்கிறது. வெளியே பெரும்பாலும் நோயாளி முதலில் யார் அறைக்குள் நுழைந்தாரோ அவரது தொழிலே முதல் சிகிச்சையாகிவிடுகிறது.

இந்தியாவுக்கு இதில் சொந்தமாகச் சொல்லவும் சில விஷயங்கள் இருக்கின்றன. மேலைநாடுகளைவிட இங்கே இந்த நோய் இளம் வயதிலேயே தாக்குகிறது. ட்ரிப்பிள் நெகட்டிவ் வகையின் பங்கும் அதிகம். டாடா மருத்துவமனையில் சுதீப் குப்தா தலைமையில் சுமார் 720 ட்ரிப்பிள் நெகட்டிவ் நோயாளிகளிடம் பத்தாண்டு நடந்த பரிசோதனையில், முன்சிகிச்சையோடு கார்போபிளாட்டின் என்ற பழைய, மலிவான மருந்தைச் சேர்த்தார்கள். 2022 டிசம்பரில் முடிவு வெளியானது. மொத்தத்தில் முன்னேற்றம் விளிம்பில்தான் நின்றது. ஆனால் 50 வயதும் அதற்குக் குறைவுமானவர்களில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 66 சதவீதத்திலிருந்து 77 ஆக உயர்ந்தார்கள். அதே காலத்தில் பணக்கார நாடுகள் பிடித்துக்கொண்ட வழி வேறு. நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாபை முன்சிகிச்சையில் சேர்த்த பரிசோதனையில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 81.7 சதவீதத்திலிருந்து 86.6 ஆனதாக 2024ல் அறிவித்தார்கள். நல்ல மருந்துதான். செலவு பல லட்சம். டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் அதே மருந்தை ஆறு வாரத்துக்கு ஒரு முறை 50 மில்லிகிராம் வீதம் மூன்றே தடவை தந்து பார்த்தார்கள். வழக்கமான முழு அளவில் இது மிகச் சிறு பங்கு. 157 பெண்களிடம் நடந்த இந்தச் சோதனையில் கட்டி முழுதாகக் கரைந்தவர்கள் சுமார் 54 சதவீதம், அந்த மருந்து பெறாதவர்களில் 40 சதவீதம் என்று 2025ல் தெரிவித்தார்கள். ஆயுள் கணக்கு தெரிய இன்னும் வருஷங்கள் ஆகும்.

எல்லாவற்றையும்விட வேடிக்கையானது மரப்பு ஊசியின் கதை. டாடாவின் ராஜேந்திர பட்வேக்கு அறுவை நடக்கும் அந்த நேரத்தின் மேல் வெகுகாலமாகவே ஒரு கண். அறுவைக்கு 5 முதல் 14 நாட்களுக்கு முன் ஒரே ஒரு புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டு 1,000 பெண்களிடம் அவர் நடத்திய சோதனை 2011ல் வெளியானது. மொத்தத்தில் வித்தியாசம் நிரூபணமாகவில்லை. அக்குளுக்குப் பரவியவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. அடுத்து அவர் கையில் எடுத்தது பல் பிடுங்கப் போடும் லிடோகைன். கட்டியை எடுப்பதற்கு ஏழு முதல் பத்து நிமிஷம் முன்னதாக அதைக் கட்டியைச் சுற்றிலும் செலுத்துவது. கத்தி படும்போது உசுப்பப்படும் செல்கள் ரத்தத்தில் ஏறுவதை அது தடுக்கும் என்பது அனுமானம். கீமோதெரபி எதுவும் முன்னால் பெறாமல் நேரே அறுவைக்கு வந்த 1,600 பெண்களிடம் 11 இந்திய மருத்துவமனைகளில் சோதனை நடந்தது. ஐந்தாண்டு பிழைத்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4. 2023ல் வெளியான இந்த முடிவை மேலைநாட்டு நிபுணர்கள் சிலர் புருவம் உயர்த்திப் பார்த்தார்கள். மற்ற பிரிவினருக்குச் சும்மா உப்பு நீர் ஊசிகூடப் போட்டு ஒப்பிடவில்லையே, இன்னொரு நாட்டிலும் செய்து பார்க்கட்டுமே என்றார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் நூறு ரூபாய் மருந்தை மறுபடி சோதிக்க எந்தக் கம்பெனி பணம் போடும்?

விலைதான் இங்கே பாதி மருத்துவம். ஹெர்-2 வகைக்கான ட்ராஸ்டுசுமாப் ஒரு காலத்தில் வீட்டை விற்றாலும் கட்டாத மருந்தாக இருந்தது. 2014ல் பயோகான் தன் சொந்தத் தயாரிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு போட்டி பெருகி விலை இறங்கியது. முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சேர்ந்த தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 40 மருந்துகளை மொத்தமாகப் பேரம் பேசி வாங்கியதில் பெருமளவு மிச்சமானது. 2018 முதல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கிறது. எனினும் அட்டையில் எழுதப்படாத செலவுகள் வேறு ரகம். எட்டு தடவை மருந்து என்றால் எட்டு தடவை ரயில், அல்லது ஆறு மாதம் மும்பை வாடகை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் இலவசம். கூட வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. கூட வருபவர் இழக்கும் கூலிக்குச் சலுகை ஏது? தாதரில் உள்ள காட்கே மகாராஜ் தர்மசாலையில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்கள் மருத்துவமனையை ஒட்டிய நடைபாதையில் தார்பாலின் கட்டிக்கொள்கிறார்கள். வெள்ளை அணுக்கள் சரிந்த உடம்போடு நடைபாதை வாசம். வாரணாசி, குவாஹாட்டி, சங்ரூர், விசாகப்பட்டினம் என்று டாடா கிளைகள் பெருகிய பின் மருந்தை ஊருக்குப் பக்கத்திலேயே ஏற்றிக்கொள்வது பலருக்குச் சாத்தியமாகியிருக்கிறது. அறுவை வரை நிற்காமல் பாதியில் மறைந்துபோகிறவர்களைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கடைசி மருந்து ஏறி நாலு வாரம் போல ஆன பின் ஒரு காலை நேரத்தில் அறுவை நடக்கிறது. எடுத்த திசு நோய்க்கூறு ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே டாக்டர் அதைக் கத்தியால் சீவிச் சீவி, கிளிப் எங்கே, புள்ளி எங்கே என்று தேடி, கட்டி இருந்த படுகையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து துண்டுகள் எடுத்து மெழுகில் பதித்துக் கண்ணாடித் தகடுகளில் ஏற்றுவார். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்தப் பெண்ணுக்குத் தலையில் புதுமுடி வெல்வெட் போல அரும்பியிருக்கும். கணவர் அதே பிளாஸ்டிக் பையோடு கவுண்டரில் நிற்பார். ஆங்கிலத்தில் அச்சான அறிக்கையில் இரண்டு வரிகளைத்தான் டாக்டர் முதலில் தேடுவார்: மார்பகத்தில் புற்று மிச்சமிருக்கிறதா, அக்குள் முடிச்சுகளில் மிச்சமிருக்கிறதா. இல்லை என்றால் கதிரியக்கத்துக்குத் தேதி குறித்துத் தருவார். இருக்கிறது என்றால், நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த மருந்தின் பெயரைச் சொல்லத் தொடங்குவார்.